தேயிலைப்பெட்டித் துப்பாக்கியும் ஓட்டைக் காலணாவும்

ஒரு துப்பாக்கியை எவ்வளவு நேரம் வேகவைத்தால் உண்மை வெளிவரும் என்பதற்கு நம் சட்டப் புத்தகங்களில் விதி எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தூத்துக்குடியில் ஒரு தை மாதப் பிற்பகலில் நாங்கள் ஈடுசெய்ய முயன்றோம். நாங்கள் என்பது மூவர் அடங்கிய விசாரணைக் குழு. மூவரில் நானும் ஒருவன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. போர் நிதிக்குத் தாராளமாக வழங்கிய ஊர்களுக்கு, தோற்றுப்போன ஜெர்மானியரிடமிருந்து பறித்த ஆயுதங்களில் சிலவற்றை நினைவுப் பொருளாகத் தரலாம் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்ததில், எங்கள் ஊருக்கு இரண்டு துப்பாக்கிகள் ஒதுக்கப்பட்டன. சுட முடியாதபடி உள்ளிருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். கடற்கரைச் சாலை மனமகிழ் மன்றத்தின் கூடத்தில், ஒரு கண்ணாடிப் பேழைக்குள் அவற்றைப் பெருக்கல் குறிபோல மாட்டிவைப்பது என்றும், மாவட்ட அதிகாரி ஒருவர் வந்து திறந்துவைப்பது என்றும் ஏற்பாடாகியிருந்தது.

பேழை தயாராகும் வரையில் பெட்டி ஒரு சங்கு வியாபாரியின் கிட்டங்கியில் இருந்தது. துறைமுகத்துச் சரக்கைச் சேர்த்துவைக்கும் கட்டடத்தைத்தான் எங்கள் ஊரில் கிட்டங்கி என்போம். சதை அழுகக் காத்திருக்கும் சங்குகளின் நடுவே எந்தத் திருடனும் மூச்சுவிட முடியாது என்பதே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். அது நல்ல காரணமாகவே எனக்கும் பட்டது.

நான் பி.ஏ. முடித்துவிட்டு ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மாலை வேளைகளில் துறைமுகத் தொழிலாளர்களுக்கு எழுத்துக் கற்பித்தேன். எந்தச் செயலானாலும் அதனால் யாருக்கு என்ன விளையும் என்று இருபுறமும் எண்ணிப் பார்த்த பிறகே இறங்குவது என் இயல்பு. ஆகவே பெரும்பாலான செயல்களில் நான் இறங்குவதற்குள் அவை முடிந்துவிடும். மன்றத்தின் துணைச் செயலாளர் பதவியை எனக்குக் கொடுத்தது இந்தக் குணத்துக்காகத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்துக்காக என்று பிறர் சொன்னார்கள். செயலாளராக இருந்தவர் ஒரு வக்கீல்.

பெட்டியைத் திறந்தபோது வக்கீலும் நானும் கிட்டங்கிக்காரரும் மட்டும் இருந்தோம். கிட்டங்கிக்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய கடற்கரைக் கத்தோலிக்கர். கிட்டங்கிக்குக் காவலும் அவரே, கணக்கும் அவரே. கிட்டங்கியின் பின்சுவரை ஒட்டிய இரண்டறை வீடு அந்த வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை போனால் வீடும் போகும்.

முதல் துப்பாக்கியை வெளியே எடுத்ததும் வக்கீல் தம் மேல்துண்டால் கைகளைத் துடைத்துக்கொண்டார். அத்தனை அழகு. அதன் கட்டை ஒரே துண்டு அக்ரூட் மரத்தில் இழைத்தது. மரத்தின் ரேகைகள் ஓடைநீர்போல ஓடின. இரும்பில் அரம் பட்ட தடமே தெரியவில்லை. ஒவ்வொரு சிறு திருகாணியின் தலையிலும் ஓர் எண் பொறித்திருந்தது. குழலின் நுனிக்குக் கீழே, கத்தி பொருத்துவதற்கான கொக்கி இருந்தது.

இரண்டாவதை எடுத்ததும் அவர் கைகளை மறுபடியும் துடைத்துக்கொண்டார். இம்முறை வேறு காரணத்துக்காக. அதன் கட்டை ஒரே மரமாக இல்லை. மெல்லிய ஏடுகளை அடுக்கி ஒட்டியதுபோல் பக்கவாட்டில் வரிவரியாகத் தெரிந்தது. கத்திக் கொக்கி இல்லை. குழலைக் கட்டையோடு பிணைக்கும் பட்டைகள் முதல் துப்பாக்கியில் கடைந்தெடுத்தவை. இதிலோ தகட்டை வளைத்துச் செய்து, கதவுக் கீலுக்குப் போடுவதுபோன்ற திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். இரும்பின் மேல் அரத்தின் பல்தடங்கள் அப்படியே இருந்தன. எண்களும் இரண்டொரு இடத்தில் மட்டுமே.

வக்கீல் நீதிமன்றத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்துகொண்டார்.

"ஒரே பெட்டி. ஒரே பட்டாளத்துச் சாமான். ஒண்ணு மாப்பிள மாதிரி இருக்கு, ஒண்ணு அடுப்பூதுத குழல் மாதிரி இருக்கு. பெட்டிச் சாவி யார் கையில இருந்திச்சு?"

"எங்கையிலதான் ஐயா" என்றார் கிட்டங்கிக்காரர்.

"முடிஞ்சிது" என்றார் வக்கீல்.

அசலை யாருக்கோ விற்றுவிட்டு, உள்ளூரில் ஒரு போலியைச் செய்து கிட்டங்கிக்காரர் உள்ளே வைத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அதை உறுதி செய்ய வக்கீல் ஓர் ஆசாரியை அழைத்துவரச் செய்தார். மலைத் தோட்டங்களிலிருந்து தேயிலை ஏற்றிவந்து எங்கள் துறைமுகத்தில் கழித்துப்போடும் பெட்டிகளை உடைத்து, ஊரில் பாதி வீடுகளுக்கு அலமாரி செய்துகொடுத்தவர் அவர். கட்டையை மோந்து பார்த்தார். நகத்தால் கீறினார். பிறகு, எவ்வித ஐயமும் இல்லாத குரலில் சொன்னார்:

"தேயிலப்பெட்டிப் பலகை. ஏடு ஏடா ஒட்டுன பலகை இந்த ஊருல வேற எங்கன இருக்கு? எங்க வீட்டுக் கோழிக்கூடும் இதே சாதிதான்."

மறுநாள் மீன் ஏலம் நடக்கும் இடத்தில்கூட அதே பேச்சு. கிட்டங்கிக்காரர் தெருவில் நடந்தால், "என்ன வே, பீரங்கி ஒண்ணு வேணும். பெட்டி நாங்க தாரோம்" என்று கேட்டார்கள். சங்கு வியாபாரிக்கு இது வேடிக்கையாக இல்லை. திறப்பு விழாவுக்குள் மன்றம் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும், முடிவு பாதகமானால் அன்றே சாவியையும் வீட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வக்கீலைத் தலைவராகவும் ஆசாரியையும் என்னையும் உறுப்பினர்களாகவும் கொண்டு விசாரணைக் குழு அமைந்தது. குற்றம் சாட்டியவரே தலைவராக இருப்பது முறைதானா என்ற கேள்வியை நான் எழுப்பலாமா என எண்ணிக்கொண்டிருந்தபோதே குழு கிட்டங்கியில் கூடிவிட்டது.

முதல் சாட்சியாகக் கிட்டங்கிக்காரரின் மனைவி தாமாகவே வந்தார். மாதா கோயில் அசன விருந்துக்குச் சமைக்கும் பெரிய அண்டாக்களை வாடகைக்கு விடுபவர் அவர். ஆயிரம் பேருக்கு உலை வைத்த அனுபவத்தில் சத்தமாகப் பேசிப் பழகியிருந்தார்.

"எம் வீட்டுக்காரரு சுவத்துல ஆணி அடிச்சா, ஆணி வளஞ்சி சுவரு பேந்து சுத்தியக் கம்பு கையோட வரும். குசினிக் கதவு நாலு வருசமா ஒத்தக் கீலுல தொங்குது. அவரு துப்பாக்கி செஞ்சாராம். கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு."

"ஏளா" என்றார் கிட்டங்கிக்காரர் தாழ்ந்த குரலில், "எனக்குச் சாதகமாப் பேசுதேன்னு மானத்த வாங்காத."

"மானத்த வச்சிக்கிட்டு எங்கன போயிக் குடியிருப்பிய?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வக்கீல் அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

இரண்டாவது சாட்சியாகக் கிட்டங்கிக்கு எதிரே கருப்பட்டிக் கடை வைத்திருந்த அண்ணாச்சி வந்தார். சாத்தான்குளம் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் வேரூன்றியவர். கிட்டங்கிக்காரருக்கு நெருங்கிய சேக்காளி. எப்படியாவது அவரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற உறுதியோடு வந்திருந்தார். போலி என்று சொல்லப்பட்ட துப்பாக்கியை அவர் பார்க்கவே இல்லை. வக்கீல் தம் மடியில் கிடத்தியிருந்த அழகான துப்பாக்கியையே வாங்கி, மேலும் கீழும் புரட்டினார். தோளில் வைக்கும் அடிக்கட்டையின் பக்கத்தில் அவர் கண் நின்றது. அங்கே மரத்துக்குள் வட்டமான உலோகத் தகடு ஒன்று பதிந்திருந்தது. அதன் நடுவே ஓர் ஓட்டை.

"வக்கீலய்யா, இது என்னது?"

"அது ஏதோ ஜெர்மன் வேலப்பாடு."

"வேலப்பாடா? இது ஓட்டக் காலணால்லா."

போரின்போது செம்பு போதாமல், நடுவே பெரிய துளையிட்டு நம் அரசாங்கம் வெளியிட்ட காசு அது. கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வசதியாக இருந்ததால் எங்கள் கடைவீதி அதை விரும்பியது. அண்ணாச்சி தம் மடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தகட்டின் மேல் வைத்தார். அளவு பொருந்தியது. துளைகூட ஏறக்குறையப் பொருந்தியது.

"கிரீடத்த அரத்தால ராவிட்டு, கறுப்படிச்சி உள்ள பதிச்சிருக்கான். நம்ம காசு ஜெர்மன்காரன் துப்பாக்கிக்குள்ள எப்பிடிப் போச்சு? ஐயா மடியில வச்சிக் கொஞ்சுததுதான் போலி. அந்த வரிவரியா இருக்கதுதான் அசல்."

ஆசாரியும் குனிந்து பார்த்துவிட்டு, காலணாதான் என்று தலையசைத்தார். நானும் அண்ணாச்சியின் காசைக் கையில் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். உள்ளதைச் சொல்வதானால், எனக்கும் அது காலணாவாகவே தெரிந்தது.

வக்கீல் இரண்டு துப்பாக்கிகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"அப்ப ரெண்டையுமே மாத்திருக்கான்."

கிட்டங்கிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, நீங்க எனக்குச் சாதகமாப் பேசுனது போதும். கடையில ஆளு காத்துக் கெடக்கும், போங்க."

விசாரணை முடிவதற்குள்ளேயே ஊர் இரண்டு கட்சியானது. தேயிலைப்பெட்டிக் கட்சி என்றும், ஓட்டைக் காலணாக் கட்சி என்றும் தேநீர்க் கடைகளில் வெளிப்படையாகவே பெயர் சொல்லிக்கொண்டார்கள். நாடு விடுதலை பெறுமா, பிளவுபடுமா என்று பேச வேண்டிய நேரத்தில் இப்படியா என்று நான் வருந்தினேன். வருந்தியபடியே, நான் எந்தக் கட்சி என்று கேட்டவர்களுக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் சொன்னேன்.

ஆசாரிதான் வழி சொன்னார். தேயிலைப்பெட்டிப் பலகையை வெந்நீரில் போட்டால் பசை இளகி ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். பிரிந்தால் போலி, பிரியாவிட்டால் வேறு ஏதோ.

"அப்ப அந்தக் காலணாத் துப்பாக்கியையும் போடணும்" என்றார் அண்ணாச்சி. போகச் சொல்லியும் அவர் போயிருக்கவில்லை.

வக்கீல் சிரித்தார். "தாராளமாப் போடுங்க. அசலுன்னா வெந்நியில எப்பிடி நிக்கும்னு ஊரு பாக்கட்டும்."

இந்த இடத்தில் நான் எழுந்தேன். விறகுக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவும் காலம் இது என்றும், அரசாங்கப் பரிசை அவிப்பது அரசாங்கத்தை அவமதிப்பதாகக் கருதப்படக்கூடும் என்றும், மறுபுறம் ஒரு குடும்பத்தின் வீடு இதில் அடங்கியிருப்பதால் விறகைக் காரணம் காட்டி நீதியை மறுப்பது தகாது என்றும், ஆயினும் மரத்தின் இயல்பு குறித்து நாம் யாரும் அறியாத நிலையில் என்றும் நான் சொல்லிக்கொண்டு போனபோது, பின்புறத்து முற்றத்திலிருந்து புகை வந்தது. கிட்டங்கிக்காரரின் மனைவி இரண்டு அண்டாக்களை ஏற்றிவிட்டிருந்தார்.

ஆசாரி இரும்புப் பகுதிகளைக் கழற்றித் துணிதுவைக்கும் கல்லின் மேல் வைத்தார். காலணாவையும் உளியால் தட்டி எடுத்தார். அது ஒன்றாக இல்லை. ஒரு சிறு குழாயின் இரு முனைகளிலும் இரு தகடுகளாகக் கட்டையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவியிருந்தது.

"ரெண்டு இருக்கே" என்றேன்.

அண்ணாச்சி தளரவில்லை. "அரையணாவால்ல போட்டிருக்கான்."

கட்டைகள் நீளமானவை. அண்டா எவ்வளவு ஆழமாக இருந்தும் பாதிதான் முழுகியது. மீதி வெளியே சாய்ந்து, சாம்பாரிலிருந்து எட்டிப் பார்க்கும் முருங்கைக்காய்போல் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான தேயிலைப்பெட்டிப் பலகைத் துண்டு ஒன்றும் போடப்பட வேண்டும் என்று நான் வலியுறுத்தினேன். அந்த விசாரணைக்கு என் ஒரே பங்களிப்பு அதுதான். ஆசாரி தம் கோழிக்கூட்டிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்தார். முற்றத்துச் சுவரின் மேல் இரு கட்சியினரும் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"இவ்வளவு தண்ணி சும்மா கொதிக்கே" என்றார் அண்ணாச்சி. "நாலு கட்டு பனங்கிழங்கு போட்டா வெந்திரும்லா."

"துப்பாக்கி எண்ணெ மணக்கும்" என்றார் கிட்டங்கிக்காரரின் மனைவி.

"ஏற்கனவே சங்குதான் மணக்கு. எண்ணெ மணந்தா நல்லதுதான்."

கோழிக்கூட்டுப் பலகைதான் முதலில் தோற்றது. ஒரு கொதியிலேயே மூன்று ஏடுகளாக விரிந்து, பரோட்டாபோல மிதந்தது. அதே அண்டாவில், அதே தண்ணீரில், வரிவரியான கட்டை அசையாமல் நின்றது. ஆசாரி அதைத் தூக்கினார், ஏடுகளின் இடையே உளி நுனியைக் கொடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டார், மறுபடி தூக்கினார். ஒரு வரிகூடப் பிரியவில்லை.

"என்ன பசையோ" என்றார், கோழிகளின் எதிர்காலத்தை நினைத்தவர்போல.

மற்ற அண்டாவைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பார்த்தபோது தண்ணீர் கரும்பழுப்பாகியிருந்தது.

"ஐயா" என்றார் கிட்டங்கிக்காரர், அன்றைக்கு முதல்முறையாகத் தலை நிமிர்ந்து, "தேயிலப்பெட்டிங்கதுல தெளிஞ்ச தண்ணி நிக்கு. உங்க அசலு கடுந்தேத்தண்ணி விட்டிருக்கு."

அக்ரூட் கட்டையை வெளியே எடுத்தார்கள். அதன் மெருகு போய், சோப்பு நீரில் ஊறிய விரல்போல வெளுத்துத் தடித்திருந்தது. ரேகைகள் எல்லாம் எழும்பி நின்றன. ஆசாரி இரும்பை அதில் மீண்டும் பொருத்த முயன்றார். இரும்பு உட்காரும் பள்ளம் உப்பிச் சுருங்கியிருந்தது. அமுக்கினார், தட்டினார், முழங்காலை ஊன்றினார். உட்காரவில்லை. வரிவரியான கட்டையில் இரும்பு ஒரே அமுக்கில் போய் உட்கார்ந்தது. மரம் ஈரத்தில் உப்புவதையும் கோணுவதையும் தடுக்கத்தான் ஏடுகளாக ஒட்டியிருக்கிறார்கள் என்பதை, பல ஆண்டுகள் கழித்து ஒரு மரத்தொழில் புத்தகத்தில் படித்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், எது போலி என்று சொன்னோமோ அது நிற்கிறது, எது அசல் என்று சொன்னோமோ அது வெந்துவிட்டது என்பதுதான்.

"அப்ப உங்க அண்ணாச்சி சொன்னது சரி" என்றார் வக்கீல், வெந்த கட்டையைப் பார்த்து. "இதுதான் போலியா?"

அதற்குள் கிட்டங்கிக்காரரின் மனைவி, தம் துவைகல்லில் மசகு படிந்த இரும்பு கிடப்பதைப் பொறுக்க மாட்டாமல், பாத்திரம் விளக்குவதுபோல் சாம்பலும் தேங்காய்நாரும் கொண்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுல ஏதோ எழுதிருக்கு. படிச்சவுக பாருங்க."

குழல் தொடங்கும் இடத்தில், கனத்த மசகின் அடியில் இருந்தது ஆண்டு. அழகான துப்பாக்கியில் போர் தொடங்குவதற்கு முந்தைய ஓர் ஆண்டு. மற்றதில் போர் முடிவதற்குச் சற்று முந்தைய ஆண்டு. இரண்டிலும் ஒரே பருந்து முத்திரை. ஆசாரி அதைக் கொக்கு என்றார். அதைப் பற்றி விவாதிக்க யாருக்கும் தெம்பில்லை. அந்த ஓட்டைத் தகடு காலணா அல்ல, ஊசியைக் கழற்றிப் பூட்ட ஜெர்மானியரே பதித்தது என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

அண்ணாச்சியின் ஓட்டைக் காலணா இன்னும் என் கையில் இருந்தது. என் சட்டைப் பையில் பழைய ராசா தலை பதித்த, ஓட்டையில்லாத, கனத்த காலணா ஒன்றும் இருந்தது. இரண்டையும் துவைகல்லின் மேல் அருகருகே வைத்தேன். இதற்கு மட்டும் நான் இருபுறமும் எண்ணிப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, இதுல எது போலி?"

"ரெண்டுமே செல்லும். இது சண்டைக்கு முந்தி அடிச்சது. இது சண்டையில செம்பு பத்தாம அடிச்சது." சொல்லி முடித்ததும் அவர் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு துப்பாக்கிகளைப் பார்த்தார். "அட, அவனுக்கும் பத்தலையா?"

அவனுக்கும் பத்தவில்லை. நமக்கு அரிசியில் கல் கூடியதும், சேலையில் அகலம் குறைந்ததும், காசில் ஓட்டை விழுந்ததும் எந்தப் போராலோ, அதே போரால்தான் அவன் துப்பாக்கியில் கொக்கி மறைந்தது. கடைந்த பட்டை வளைத்த தகடானது. திருகாணிகளுக்கு எண் பொறிக்கவும் அரத்தடத்தை மெருகிடவும் ஆள் இல்லாமல் போனது. உலகையே ஆளப் புறப்பட்டவனின் தொழிற்சாலையும் எங்கள் தெருப் பங்கீட்டுக் கடையும் ஒரே கதையைச் சொன்னதை நினைத்து நான் மனம் நெகிழ்ந்து, அதுபற்றிச் சில சொற்கள் பேசத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. புதுத் தண்ணீர் ஊற்றிய அண்டாவில் பனங்கிழங்கு விழுந்துகொண்டிருந்தது.

வக்கீல் தோல்வியிலும் முறை தவறாதவர். குழுவின் முடிவை அங்கேயே நின்றபடி அறிவித்தார். "கிட்டங்கிக்காரர் மேல குத்தம் எதுவும் இல்ல. கேஸ் வேகல."

"கேஸ்தான் ஐயா வேகல" என்றார் கிட்டங்கிக்காரர். சாவிக்கொத்தை இடுப்பில் நன்றாகச் செருகிக்கொண்டார். அவர் மனைவி முந்தானையால் ஒருமுறை முகத்தைத் துடைத்தார். புகையால் என்று அவரே சொன்னார்.

திறப்பு விழாவில், அக்ரூட் துப்பாக்கியின் குழலைக் கட்டையோடு பனைநாரால் இறுக்கிக் கட்டிப் பேழைக்குள் மாட்டியிருந்தோம். வந்த அதிகாரி மற்றதை ஒரு பார்வையோடு விட்டுவிட்டு, வெளுத்துக் கோணிப்போயிருந்த அக்ரூட் துப்பாக்கியின் முன்னால் நெடுநேரம் நின்றார். எத்தனை மழையிலும் சேற்றிலும் கிடந்திருந்தால் ஒரு துப்பாக்கி இந்த நிலையை அடையும் என்றும், நார் கொண்டு கட்டியேனும் கடைசிவரை போரிட்ட எதிரியின் உறுதியை நாம் மதிக்க வேண்டும் என்றும் உருக்கமாகப் பேசினார். அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. கூட்டத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

கிட்டங்கிக்காரர் அந்த வேலையில் இன்னும் பல ஆண்டுகள் இருந்தார். குசினிக் கதவும் அதே ஒற்றைக் கீலில் இருந்தது. விழா முடிந்து சில வாரங்களில், வக்கீல் வெளியூரில் கால் அளவு கொடுத்துச் செய்த ஒரு ஜோடிப் புதுத் தோல் சப்பாத்துகள் கப்பலில் வந்து கிட்டங்கியில் இறங்கின. நான் உடன் போயிருந்தேன். கிட்டங்கிக்காரர் மரியாதையோடு பெட்டியைத் திறந்து, இரண்டையும் வெளியே எடுத்து, அருகருகே வைத்து, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. ஒரே பெட்டியிலதான் வந்திருக்கு. ஆனா ரெண்டும் ஒண்ணுபோல இல்லையே. இது இந்தப் பக்கம் வளையுது, அது அந்தப் பக்கம் வளையுது." பிறகு பின்சுவர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏளா, அண்டா சும்மாதான இருக்கு?"